கல்லுக்கால் ஊன்ற வந்த குட்டி டிராக்டர்

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயில் மறைமலை நகரைத் தாண்டியதும் ஜன்னல் காட்சி மாறத் தொடங்குகிறது. அடுக்குமாடிகள் குறைந்து ஏரிக்கரை, பாறைக்குன்று, தொழிற்சாலைக் கூரை என்று மாறி மாறி வரும். எது மாறினாலும் வேலி மட்டும் விடாமல் கூடவே வரும். பயிர் இல்லாத நிலம், வீடு எழும்பாத மனை, நாலைந்து மாமரம் நிற்கும் தோப்பு என எதைச் சுற்றியும் கல்லுக்கால் ஊன்றி முள்கம்பி இழுத்திருக்கிறார்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஒரகடம் சாலையிலோ அனுமந்தபுரம் பக்கமோ போனால் இது இன்னும் அதிகம். இங்கே பத்திரம் பதிந்த கையோடு நடக்கிற முதல் கட்டுமானம் வேலிதான். வீடு வரப் பத்து வருஷம் ஆகலாம், வராமலேயும் போகலாம்.

ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும் ஒட்டிப் போகும் ஊர் இது. 2002-இல் பக்கத்துப் பரனூரில் மகிந்திரா வேர்ல்டு சிட்டி வந்தது. ஒரகடத்தில் காரும் லாரியும் பைக்கும் செய்யும் ஆலைகள் வந்தன. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. நிலத்தின் விலை ஏற ஏற, பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை ஒரு சாண் நகர்த்திவிடுவாரோ என்ற கவலையும் ஏறியது. துபாயிலோ நியூ ஜெர்சியிலோ இருந்துகொண்டு இங்கே இடம் வாங்கிப் போட்டவருக்கு வேலிதான் காவலாள். நிஜமாகவே விவசாயம் செய்கிறவருக்கு வேறு கவலைகள்: பகலில் மேய வரும் மாடு, இரவில் வேர்க்கடலையைத் தோண்ட வரும் காட்டுப்பன்றி.

வேலிக்கான தேவையைக் கூட்டிய அதே தொழிற்சாலைகள், வேலி போடுகிற கைகளையும் எடுத்துக்கொண்டன. கடப்பாரை பிடித்திருக்க வேண்டிய பிள்ளைகள் கம்பெனிப் பேருந்தில் ஷிப்டுக்குப் போகிறார்கள். குழி எடுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கட்டுப்படியாவதில்லை என்ற பேச்சை இந்த வட்டாரத்தில் நிலம் வைத்திருக்கும் எவரிடமும் கேட்கலாம். அந்த இடைவெளியில்தான் குட்டி டிராக்டர் நுழைந்திருக்கிறது. பின்னால் ஒரு பெரிய திருகாணியைத் தொங்கவிட்டுக்கொண்டு வரிசையாகக் குழி போட்டுக்கொண்டே போகிறது. பதமான மண்ணில் இரண்டடிக் குழிக்கு ஒரு நிமிடம் போதும். வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வேலி வேலையில் அந்த ஒரு நிமிடம்தான் எளிதான பகுதி. வேலி நிற்குமா சாயுமா என்பது அதற்கு முன்னும் பின்னும் நடக்கிற காரியங்களில் இருக்கிறது.

முதலில் வேலையின் அளவு. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. சரியான சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 209 அடி, சுற்றளவு ஏறத்தாழ 835 அடி. பத்தடிக்கு ஒரு கால் வைத்தால் 84 குழி. எட்டடிக்கு ஒன்று என்றால் நூறைத் தாண்டும். ஆனால் நிலங்கள் யாருக்காகவும் சதுரமாகப் பிறப்பதில்லை. சாலையோரம் நூறடி, உள்ளே 435 அடி என்று நீளவாக்கில் கிடக்கும் அதே ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு 1,070 அடி ஆகிவிடும், குழி 107. அகலம் குறையக் குறைய வேலிச் செலவு கூடும் என்பதை நிலம் வாங்கும்போது பெரும்பாலோர் யோசிப்பதில்லை.

அடுத்தது கல். ஏழடி நீளம், ஆறுக்கு நாலு அங்குலப் பருமன் உள்ள கருங்கல் கால் ஏறத்தாழ 87 கிலோ இருக்கும். 84 கால் என்றால் ஏழு டன்னுக்கு மேல். லாரி அதைச் சாலையோரம் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து எல்லை நெடுகக் கொண்டுபோய்ப் போடுவது தனி வேலை. குட்டி டிராக்டர் முதல் நாள் சின்ன டிரெய்லரோடு வந்து கல்லை இறைத்துவிட்டு, மறுநாள் குழிக்கருவியை மாட்டிக்கொண்டு வருவது அதனால்தான். நாலுக்கு நாலு அங்குல சிமென்ட் கால் என்றால் ஒன்று 53 கிலோ. தூக்குவது சுலபம். ஆனால் உள்ளே இருக்கும் கம்பிக்கு மேல் போதிய சிமென்ட் பூச்சு இல்லாத மலிவுக் கால் சில மழைக்காலத்திலேயே துருப்பிடித்து வெடிக்கும். கல்லுக்கு அந்த நோய் இல்லை.

எல்லையில் கல் நடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பல்லவர், சோழர் காலத்து நிலக்கொடைச் செப்பேடுகளில் எல்லை குறித்த விதம் விரிவாக வருகிறது. பெண் யானையை எல்லை நெடுக நடக்கவிட்டு, அது போன வழியில் கல்லும் கள்ளியும் நட்டிருக்கிறார்கள். கள்ளியும் நொச்சியும் கிளுவையும் தாமாக வளர்ந்து அடைத்துக்கொள்ளும் வேலிகள். அவற்றில் அடையாளத்துக்கு ஒன்றிரண்டு கல் போதும், பாரம் தாங்கத் தேவையில்லை. கம்பி வந்தபிறகுதான் கதை மாறியது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜோசப் கிளிடன் என்ற விவசாயி 1874 நவம்பர் 24 அன்று முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். விறைப்பாக இழுத்துக் கட்டினால்தான் அது வேலி, தொய்ந்தால் வெறும் கம்பி. இழுவையைத் தாங்க உறுதியான கால் வேண்டும், காலுக்கு ஆழமான குழி வேண்டும். வேலி என்பது தோட்ட வேலையிலிருந்து குழி தோண்டும் வேலையாக மாறியது இப்படித்தான்.

டிராக்டரின் பின்னால் கருவியை மாட்டி, தூக்கி, இறக்கி வேலை வாங்கலாம் என்ற ஏற்பாட்டுக்கு அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசனுக்கு நன்றி சொல்ல வேண்டும். அதற்கு முன் டிராக்டர் என்றால் எதையாவது பின்னால் கட்டி இழுக்கிற வண்டி. கலப்பை பாறையில் மாட்டினால் முன்பக்கம் தூக்கிக் குப்புற அடிக்கும். ஃபெர்குசன் 1920-களில் மூன்று கைகளும் ஹைட்ராலிக் விசையும் கொண்ட இணைப்பை உருவாக்கினார். 1938-இல் ஹென்றி ஃபோர்டோடு எழுத்தில் எதுவும் இல்லாமல் வெறும் கைகுலுக்கலில் ஒப்பந்தம் செய்துகொண்டார். மறுவருஷமே அந்த இணைப்போடு ஃபோர்டு டிராக்டர் வந்தது. கைகுலுக்கல் பின்னால் கோர்ட்டுக்குப் போனது வேறு கதை. ஃபெர்குசன் தன் டிராக்டரோடு விற்ற கருவிகளில் வேலிக்குழி போடும் கருவியும் ஒன்று. 1953-இல் அவருடைய நிறுவனம் மாசி ஹாரிஸோடு சேர்ந்தது. அந்த மாசி ஃபெர்குசன் டிராக்டரைச் செய்வதற்காக 1960-இல் சென்னையில் தொடங்கியதுதான் டாஃபே. இன்று உலகின் எந்த மூலையிலும் சின்ன டிராக்டர் முதல் பெரிய டிராக்டர் வரை பின்னால் பெரும்பாலும் அதே மூன்று கைகள்தான்.

குட்டி டிராக்டருக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் இன்னும் நெருக்கமான உறவு உண்டு. ரயிலில் அடுத்த ஸ்டேஷன் பரனூர். அங்கே வேர்ல்டு சிட்டிக்குள் இருக்கிறது மகிந்திரா ரிசர்ச் வேலி. கார்களோடு டிராக்டர்களையும் வடிவமைக்கும் ஆராய்ச்சி மையம். ஜப்பானின் மிட்சுபிஷி மகிந்திரா நிறுவனத்தோடு சேர்ந்து இங்கே உருவானதுதான் 'ஓஜா' என்ற இலகு டிராக்டர் வரிசை. 2023 ஆகஸ்ட் 15 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் அறிமுகப்படுத்தினார்கள். 20-இலிருந்து 40 குதிரைத்திறன் வரை, எல்லாவற்றிலும் நாலு சக்கரமும் இழுக்கும். தயாரிப்பு தெலங்கானாவின் ஜகீராபாத்தில். இந்த வட்டாரத்தில் குழி போடுகிற குட்டி டிராக்டரெல்லாம் ஓஜா என்று இதற்கு அர்த்தமில்லை. மகிந்திராவின் 15 குதிரைத்திறன் யுவராஜ், பெங்களூரு வி.எஸ்.டி.யின் பதினெட்டரை குதிரைத்திறன் வண்டி, 24 குதிரைத்திறன் குபோட்டா என்று தோப்புக்கும் தோட்டத்துக்கும் வந்த பழைய ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வேலி வேலைக்கு ஏன் பெரிய டிராக்டர் வேண்டாம், குட்டி போதும்? சக்தியைவிட இடம்தான் காரணம். குழிக்கருவி வண்டியின் பின்பக்கம், நட்டநடுவில் தொங்குகிறது. எல்லைக்கோட்டின் மேல் குழி விழ வேண்டுமென்றால் வண்டி கோட்டின் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்து நிற்க வேண்டும், அல்லது நம் நிலத்திலிருந்து கோட்டை நோக்கிப் பின்பக்கமாக வர வேண்டும். முதல் வழியில் பக்கத்து நிலத்துக்காரரின் வரப்பு நசுங்கும், கூடவே உறவும். இரண்டாவது வழியில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு முன், ஒரு பின். 84 குழிக்கு அத்தனை முறை. வளைத்துத் திருப்ப இடம் குறைவாகக் கேட்கும் வண்டியால்தான் தென்னைக்கும் வேலிக்கும் நடுவில் இதைச் செய்ய முடியும். எடை குறைவு என்பதால் அறுவடை முடிந்த வயலில் மண்ணையும் அதிகம் அழுத்தாது.

கருவி எளிமையானது. டிராக்டரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றும். அதிலிருந்து ஒரு சுழல்தண்டு கியர்பாக்ஸுக்குப் போகிறது. கியர்பாக்ஸ் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டி, கீழே தொங்கும் திருகாணியை, அதாவது ஆகரைச் சுழற்றுகிறது. ஆகர் தொங்கிக்கொண்டிருப்பதால் தன் எடையாலேயே செங்குத்தாக நிற்கும். வண்டி சற்றுச் சாய்ந்திருந்தாலும் குழி பெரும்பாலும் நேராக வரும். ஆனால் இறங்க இறங்க டிராக்டரின் கைகள் வளைவான பாதையில் நகர்கின்றன. அதனால் ஆகர் சற்று முன்னோ பின்னோ தள்ளும். பழகிய ஓட்டுநர் அதற்கேற்ப வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொடுப்பார். பழகாதவர் போட்ட குழி வாய் அகன்று நீள்வட்டமாக இருப்பதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

எஞ்சினை முறுக்கிவிட்டு அழுத்தினால் வேகமாக முடியும் என்பது புதியவர்களின் நம்பிக்கை. உண்மையில் எஞ்சின் மெதுவாக ஓட, அரை அடிக்கு ஒருமுறை ஆகரைத் தூக்கி மண்ணை உதறிவிட வேண்டும். உதறாமல் இறக்கினால் திருகாணி மரத்தில் இறங்குவதுபோல ஆகர் தன்னைத்தானே நிலத்துக்குள் முறுக்கிக்கொள்ளும். மேலே குவிந்த மண் பாரத்தையும் சேர்த்துத் தூக்க 750 கிலோ தூக்கும் திறன் உள்ள குட்டி டிராக்டரின் ஹைட்ராலிக் திணறும். பிறகு வண்டியை நிறுத்தி, ஆகரின் தண்டை பெரிய பைப் ஸ்பானரால் கையாலேயே எதிர்ப்பக்கம் திருப்பி எடுக்க வேண்டியதுதான். கருவியைக் காப்பாற்ற ஷியர் போல்ட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கல்லில் மாட்டினால் கியர்பாக்ஸ் உடையாமல் அந்த மெல்லிய போல்ட் தான் அறுந்து தியாகம் செய்யும். அடிக்கடி அறுகிறதே என்று எரிச்சல்பட்டு அந்த இடத்தில் கெட்டியான போல்ட்டைப் போட்டு முடுக்குபவர்கள் உண்டு. அடுத்த கல்லில் அவர்கள் கியர்பாக்ஸுக்குச் செலவு செய்வார்கள்.

ஆகருக்கு இன்னொரு குறையும் உண்டு. மூன்று கை இணைப்பு தூக்கும், இறக்கிவிடும், ஆனால் கீழ்நோக்கி அழுத்தாது. ஆகர் தன் எடையால் மட்டுமே இறங்குகிறது. மண் இளக்கமாக இருக்கும்வரை இது தெரியாது. சிங்கப்பெருமாள் கோவிலில் தெரியும்.

இந்த ஊருக்கே பெயர் கொடுத்த பாடலாத்ரி நரசிம்மர் கோயில் குன்றைக் குடைந்து எடுத்த குடைவரை. மூலவர் பாறையோடு பாறையாக இருப்பதால் அவரை மட்டும் சுற்ற முடியாது, குன்றையே சேர்த்துச் சுற்றி வர வேண்டும். செங்கல்பட்டுக்கு அருகே வல்லத்திலும் மகேந்திரவர்மன் காலத்து, அதாவது 7-ஆம் நூற்றாண்டுக் குடைவரை உண்டு. பரங்கிமலை, பல்லாவரம் தொடங்கித் தெற்கே விரியும் இந்தக் கரும்பாறை உலகப் புவியியலுக்கே ஒரு பெயரைக் கொடுத்தது. கல்கத்தாவை நிறுவியவர் என்று ஆங்கிலேயர் கொண்டாடிய ஜாப் சார்னக்கின் கல்லறைப் பலகை சென்னைப் பக்கத்திலிருந்து போன கல் என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் கண்டுபிடித்தார். 1893-இல் அந்தப் பாறை வகைக்குச் சார்னக்கைட் என்று பெயர் வைத்தார். பரங்கிமலைப் பாறை இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னம்.

வேலி போடுகிறவருக்கு இந்தப் பெருமையால் நேர் பயன் எதுவும் இல்லை. பாறை சிதைந்து உண்டான செம்மண், அதற்குள் சரளை, சரளைக்குக் கீழே எந்த ஆழத்தில் என்று தெரியாத உருண்டைக் கல். மேட்டு நிலத்தில் பத்து குழி வெண்ணெய்போல இறங்கும், பதினோராவது ஒன்றரை அடியில் முட்டி நிற்கும். ஆகர் பல் சரளையை அரைக்கும்போது ஒரு கரகர சத்தம் வரும், கெட்டிப்பாறையில் மோதினால் வண்டியே குதிக்கும். அந்த வேறுபாட்டைக் காதால் கேட்கத் தெரிந்த ஓட்டுநருக்கு டீயும் வடையும் தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம். சரளை என்றால் குழியில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, கடப்பாரையால் நாலு குத்து குத்தி, மறுபடி ஆகரை இறக்கினால் வழிவிடும். தனிக்கல் என்றால் கோட்டின் மேலேயே அரை அடி தள்ளிப் போட்டுப் பார்க்கலாம். காலுக்குக் கால் தூரம் கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் கம்பிக்குத் தெரியாது. ஆனால் கோட்டை விட்டு உள்ளேயோ வெளியேயோ தள்ளினால் கம்பிக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். தாய்ப்பாறையாகவே இருந்தால் டிராக்டருக்கு அங்கே வேலை இல்லை. பிரேக்கர் வைத்துத் துளையிட்டுக் கான்கிரீட்டில் நிறுத்த வேண்டும்.

பள்ளத்து நிலத்தில் தொல்லை வேறு விதம். ஏரிகள் நிறைந்த மாவட்டம் இது. ஏரிப் பாசன வயல்களில் களிமண். மழை முடிந்த கையோடு இறங்கினால் மண் ஆகரில் அப்பிக்கொண்டு உதறினாலும் போகாது, சித்திரை வைகாசியில் இறங்கினால் செங்கல்போல இறுகியிருக்கும். மேட்டுச் செம்மண்ணுக்குத் தை மாதமும் பள்ளத்துக் களிக்கு மாசி பங்குனியும் பொருத்தம். களிமண்ணில் ஆகர் சுற்றிச் சுற்றிக் குழியின் சுவரைப் பூசி மெழுகிவிடும். அப்படியே காலை நிறுத்தி மண்ணைத் தள்ளினால் புது மண்ணும் பழைய சுவரும் ஒட்டாது, கால் உறைக்குள் இருக்கும் கத்திபோல ஆடும். கடப்பாரை முனையால் சுவரைக் கீறிவிட்டால் போதும். அரை நிமிட வேலை, ஆனால் இதைச் செய்பவர்கள் குறைவு.

இவ்வளவு இருக்க, பேசாமல் ஜே.சி.பி.யைக் கூப்பிட்டுவிடலாமே என்று தோன்றும். சிங்கப்பெருமாள் கோவில் கூட்ரோட்டில் அதற்குப் பஞ்சமும் இல்லை, சரளையும் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் அதன் வழக்கமான வாளி இரண்டடிக்கு இரண்டடி அகலத்துக்குக் குறைந்து குழி எடுக்காது. இரண்டடி ஆழம் என்றால் எட்டுக் கன அடி. 12 அங்குல ஆகர் அதே ஆழத்துக்கு எடுப்பது 1.57 கன அடி. 84 குழிக்குக் கணக்குப் போட்டால் ஜே.சி.பி. கலைத்துப் போடும் மண் ஆறே முக்கால் யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). ஆகர் எடுப்பது ஒன்றே கால் யூனிட்டுக்குச் சற்று மேல். கலைந்த மண் எவ்வளவு மிதித்தாலும் பழைய கெட்டிக்கு வர இரண்டு மூன்று மழை ஆகும். அதனால் ஜே.சி.பி. குழியில் கான்கிரீட் போட்டே ஆக வேண்டும். ஆகர் குழியைச் சுற்றி நூற்றாண்டுகளாக இறுகிய மண் அப்படியே இருக்கிறது. கல்லைப் பிடித்துக்கொள்ள அதுவே போதும். ஒரு ஏக்கர் வேலியில் டிராக்டர் மிச்சப்படுத்துவது நேரத்தைவிட ஜல்லியையும் சிமென்ட்டையும்தான்.

ஆகரின் அளவைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சின்னக் கணக்கு. ஆறுக்கு நாலு அங்குலக் கல்லின் மூலைவிட்டம் ஏழு அங்குலத்துக்கு மேல். 9 அங்குலக் குழியில் அதை நிறுத்தினால் மூலைகளில் ஒரு அங்குலம்கூட இடமிருக்காது. மண்ணைக் குத்தி இறுக்கக் கடப்பாரை நுழையாது. கல்லுக்கு 12 அங்குலம், நாலங்குல சிமென்ட் காலுக்கு 9 அங்குலம் என்று வைத்துக்கொள்வது சரி. 15 குதிரைத்திறன் வண்டிக்கு 9 அங்குலம் சுகம், கெட்டி மண்ணில் 12 அங்குலம் மூச்சு வாங்கும். மேல்நாடுகளில் மரக்காலை டிராக்டரில் பொருத்திய சம்மட்டியால் அடித்தே இறக்கிவிடுகிறார்கள், குழியே வேண்டாம். கல்லையும் சிமென்ட்டையும் அப்படி அடித்தால் பிளந்துவிடும் என்பதால் அந்த வழி நமக்குச் சரிப்படாது.

இனி, யாரும் கேட்க விரும்பாத பகுதி. 540 சுற்று என்பது விநாடிக்கு ஒன்பது சுற்று. சுழல்தண்டு ஏழு சென்டிமீட்டர் விட்டம் இருந்தால் ஒரு விநாடியில் இரண்டு மீட்டர் துணியைச் சுருட்டிவிடும். ஒரு நாலு முழ வேட்டி முழுவதும் போக ஒரு விநாடி. லுங்கி, துப்பட்டா, தோளில் போட்ட துண்டு எதுவும் அந்தத் தண்டுக்கு அருகில் போகக் கூடாது. தண்டின் மேல் வரும் பிளாஸ்டிக் உறை உடைந்தால் புதிதாக மாற்ற வேண்டும். கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவது பல இடத்தில் சாதாரணமாகிவிட்டது. அதைவிட மோசம், ஆகர் இறங்கவில்லை என்றால் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கருவியின் கைமேல் ஏறி அழுத்தச் சொல்வது. ஆகர் கல்லில் மாட்டித் துள்ளினால் அவர்கள் விழுவது சுழலும் தண்டின் மேல். எடை கூட்ட வேண்டுமென்றால் வண்டியை நிறுத்திவிட்டு இரும்பு எடையைப் போல்ட் போட்டுப் பூட்டலாம். மனிதர்கள் எடைக்கல் இல்லை.

நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். தொழிற்பேட்டைகள் சூழ்ந்த இந்தப் பகுதியில் தண்ணீர்க் குழாய், கண்ணாடியிழைக் கேபிள், மின்கேபிள் எதுவும் எல்லையோரமாக ஓடலாம். மத்திய அரசு 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யு டிக்' என்ற செயலியைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான். தோண்டப்போகும் இடத்தைப் பதிந்தால் அங்கே குழாயோ கேபிளோ வைத்திருக்கும் நிறுவனத்துக்குத் தகவல் போகும். வயல் நடுவே மஞ்சள் பலகையோடு நிற்கும் பெட்ரோலியக் குழாய்க் குறியீட்டுக் கல்லைப் பார்த்தால் ஆகரை அங்கேயே நிறுத்திவிட்டு விசாரிப்பது நல்லது.

குழிக்கு முன் கோடு, கோட்டுக்கு முன் எல்லை. புல வரைபடத்தைப் பட்டாவோடு சேர்த்து அரசின் இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். சர்வேயரை வரவழைத்து அளந்து, எல்லைக்கல்லைப் பக்கத்து நிலத்துக்காரர் முன்னிலையில் பார்த்துக்கொள்ள வேண்டும். 1923-ஆம் ஆண்டு நில அளவை, எல்லைச் சட்டப்படி அந்தக் கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் குற்றம். ஆகர் அதை ஒரே சுற்றில் பெயர்த்துவிடும் என்பதால் மூலைக்கல்லுக்கு அருகே மட்டும் கடப்பாரையால் தோண்டுவது வழக்கம். வரத்துக் கால்வாய், ஏரி உள்வாய், வண்டிப்பாதை ஆகியவற்றை உள்ளே வைத்து வேலி போட்டால் 2007-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டமும் வருவாய்த் துறையும் ஒருநாள் வாசலுக்கு வரும். அன்று அதே டிராக்டரை வைத்துக் காலைப் பிடுங்க வேண்டியிருக்கும்.

பன்றிக்குப் பயந்து வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் இறந்தது அப்படிப்பட்ட ஒரு வேலியில்தான். அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மின்வேலிக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. விட்டுவிட்டுத் துடிப்பாக மட்டும் மின்சாரம் அனுப்பும் தரச்சான்று பெற்ற கருவியோடுதான் மின்வேலி போடலாம். வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் தரும் சூரிய மின்வேலி அந்த வகை.

எல்லை முடிவானதும் மூலைக்கு மூலை நூல் கட்டி, பத்தடிக்கு ஒரு இடத்தில் சுண்ணாம்புப் புள்ளி வைக்க வேண்டும். நூலைக் கட்டியபடியே டிராக்டரை விட்டால் ஆகர் நூலைச் சுருட்டிக்கொள்ளும். புள்ளி வைத்ததும் கழற்றிவிட்டு, கல் நிறுத்தும்போது மறுபடி கட்டுகிறார்கள். அன்று நிறுத்த முடிகிற அளவுக்குத்தான் அன்று குழி போட வேண்டும். திறந்து கிடக்கும் 12 அங்குலக் குழியில் ஆட்டுக்குட்டியின் காலும் குழந்தையின் காலும் ஒன்றுபோல மாட்டும், ஒரு மழை வந்தால் பாதிக் குழி தூர்ந்துவிடும். கல்லை இறக்கி, தூக்குக்குண்டு பிடித்து நேர்பார்த்து, அரை அடிக்கு ஒருமுறை மண்போட்டுக் கடப்பாரையின் மொட்டைப் பக்கத்தால் குத்த வேண்டும். இந்தக் குத்தல் கைவேலைதான். ஒரு குழி போட ஒரு நிமிடம், ஒரு கால் நிறுத்த இரண்டு பேருக்குக் கால் மணி நேரம். டிராக்டர் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போன வேலைக்குப் பின்னால் ஆட்கள் மூன்று நாள் நிற்பார்கள்.

வாடகை பேசும்போது இதைக் கணக்கில் வைக்க வேண்டும். வண்டியை நாள் வாடகைக்கு நிறுத்திவைத்தால் நட்டம். காலையில் முப்பது குழி போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய், மறுநாள் காலை திரும்பி வருகிற உள்ளூர் வண்டிதான் லாபம். அரசின் 'உழவன்' செயலி வழியாகவும் வட்டார வாடகை மையங்களிலும் டிராக்டர் கிடைக்கும். குழிக்கருவியும் சேர்ந்து வருமா, எந்த அளவு ஆகர் என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கிரவுண்டு மனைக்காரருக்கு, அதாவது நாற்பதுக்கு அறுபது இடம் வைத்திருப்பவருக்கு, இருபது குழிதான். அதற்கு டிராக்டரை வரவழைப்பதைவிடக் கையில் பிடிக்கும் பெட்ரோல் ஆகரோ இரண்டு ஆளோ மலிவு. ஒரே லேஅவுட்டில் நாலு மனைக்காரர்கள் சேர்ந்தால் கணக்கு மாறும்.

எல்லாக் காலும் ஒரே ஆழம் என்பதும் தப்பு. நேர்க்கோட்டில் நிற்கும் கால்களுக்குக் கம்பியின் இழுவை இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் இரண்டடி போதும். மூலைக்கால் மட்டும் உள்பக்கமாக இழுபடும். அதற்கு ஆகரை மூன்றடி வரை இறக்கி, இரண்டு கம்பி வரிசைக்கும் நேராக இரண்டு சாய்வுக்கல் முட்டுக் கொடுத்து, அதை மட்டும் கான்கிரீட்டில் நிறுத்துவது சிக்கனம். நூறடிக்கு ஒரு காலுக்கும் இப்படி முட்டுக் கொடுப்பார்கள். கான்கிரீட் இறுக ஒரு வாரமாவது விட்ட பிறகுதான் கம்பி. குழி போட்ட டிராக்டராலேயே கம்பியையும் இழுத்துவிடலாம் என்று சிலர் இறங்குவார்கள். வண்டிக்குக் கம்பியின் வலு தெரியாது, அறுந்தால் முள்ளோடு சாட்டைபோலத் திரும்பி வரும். கையால் இயக்கும் இழுவைக் கருவியே போதும்.

தை மாசியில் போட்ட வேலியை ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். மண் முதல்முறையாக ஊறி அமுங்கியிருக்கும், காலைச் சுற்றிச் சின்னப் பள்ளம் தெரியும். அங்கே மண்போட்டுக் குத்தி, தொய்ந்த கம்பியை மறுபடி முறுக்கிவிட அரை நாள் ஆகும். சாய்ந்தது ஏதாவது இருந்தால் அது பெரும்பாலும் மூலைக்கு அடுத்த காலாகவோ, களிமண்ணில் சுவர் கீறாமல் நிறுத்திய காலாகவோ இருக்கும்.